நங்கூரமிட்ட தீவு

ஆங்கிலத்தில் ‘பைரேட் ரேடியோ’ என்பார்கள். கடற்கொள்ளை வானொலி என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், பதிற்றுப்பத்து படித்தவர்களுக்குக் கடம்பமரத்தைக் காவல்மரமாகக் கொண்டு கடலில் குறும்பு செய்தவர்களும், அம்மரத்தை வெட்டி முரசு செய்துகொண்ட இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனும் நினைவுக்கு வரக்கூடும். நாம் இங்கே பேசவிருக்கும் கொள்ளையரோ எந்தக் கலத்தையும் வழிமறித்தவர்கள் அல்லர். பழைய சரக்குக் கப்பல் ஒன்றை வாங்கி, அதில் உயரமான கம்பம் நட்டு, நாட்டின் கடலெல்லைக்குச் சற்று வெளியே நங்கூரம் பாய்ச்சி, கரையில் இருந்தவர்களுக்குப் பாட்டுப் போட்டவர்கள். அவர்கள் கவர்ந்தது என்று ஏதும் இருந்தால், அது அனுமதியின்றிப் பயன்படுத்திய அலைவரிசையும், இசைத்தட்டு நிறுவனங்களுக்குக் கொடுக்காமல் விட்ட உரிமத்தொகையும்தான்.

வரலாறு சுருக்கமானது. 1958 ஆகஸ்டில் டென்மார்க்குக் கடலோரம் ‘ரேடியோ மெர்க்குர்’ தொடங்கியது. 1960இல் நெதர்லாந்துக்கு எதிரே ‘வெரோனிகா’. 1964 மார்ச் மாத இறுதியில், ஈஸ்டர் விடுமுறையை ஒட்டி, இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்கு அப்பால் ‘ரேடியோ கரோலைன்’. இதைத் தொடங்கிய ரோனன் ஓ’ராஹில்லி ஓர் அயர்லாந்து இளைஞர். அவருடைய தந்தைக்குச் சொந்தமான கிரீனோர் துறைமுகத்தில்தான் கப்பல் வானொலியாக மாறியது. அன்றைய பிரிட்டனில் ஒலிபரப்பு என்றால் பி.பி.சி. மட்டுமே. இசைக்கலைஞர் சங்கத்தோடும் இசைத்தட்டு நிறுவனங்களோடும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஒரு நாளில் இத்தனை மணி நேரத்துக்கு மேல் இசைத்தட்டுச் சுழலக்கூடாது என்ற கட்டுப்பாடு அதற்கு உண்டு. பீட்டில்ஸ் குழு உலகையே ஆட்டிவைத்த காலத்தில், அவர்கள் பிறந்த நாட்டின் இளைஞர்கள் அவர்கள் பாட்டை நாள் முழுக்கக் கேட்க ஒரு கப்பல் தேவைப்பட்டது. கடலில் கப்பல் நிற்பதில் இன்னொரு வசதியும் இருந்தது. உப்புநீர் நல்ல மின்கடத்தி. மத்தியலை ஒலிபரப்பு நிலத்தின் மேல் தவழ்ந்து வருவதைவிடக் கடல்மேல் தவழ்ந்து வரும்போது குறைவாகவே தேய்கிறது. சின்ன அனுப்பியை வைத்துக்கொண்டும் பெரிய ஊர்களை எட்டிவிடலாம்.

பிரிட்டிஷ் அரசு போர்க்கப்பல் அனுப்பவில்லை. 1967இல் ஒரு சட்டம் போட்டது. அந்தக் கப்பல்களில் பிரிட்டன் குடிமக்கள் வேலை செய்வதும், அவற்றுக்கு விளம்பரம் கொடுப்பதும், உணவும் எண்ணெயும் கொண்டு சேர்ப்பதும் குற்றமாயின. பசியால் பணியவைக்கும் பழைய முற்றுகை உத்திதான், உழிஞைத்திணை படித்தவர்களுக்குப் புதிதல்ல. ஆகஸ்ட் 14 அன்று ‘ரேடியோ லண்டன்’ வாயடைத்தது. அடுத்த மாதக் கடைசியில் பி.பி.சி. தன் ‘ரேடியோ ஒன்று’ அலைவரிசையைத் தொடங்கியபோது, முதல் குரலாக ஒலித்த டோனி பிளாக்பர்ன் கப்பலில் இருந்து கரையேறியவர். கொள்ளையரைப் பிடித்துக் காவலராக்கிக்கொண்டது அரசு.

இவையெல்லாம் எங்கோ வடகடலில் நடந்தவை. சங்கரன்கோவிலில் உட்கார்ந்துகொண்டு இதைப் படிக்கும்போது நமக்கு ஏன் இவ்வளவு பழகிய கதையாகத் தோன்றுகிறது என்று யோசித்தோம். விடைக்கு வெகுதூரம் போகவேண்டியிருக்கவில்லை. எங்களுக்கும் கடலுக்கு அப்பாலிருந்து ஒரு வானொலி பாடியது. அதற்குக் கப்பல் தேவைப்படவில்லை. ஒரு தீவே நங்கூரமிட்டு நின்றது.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். சங்கரன்கோவிலில் இருந்து நேர்கோட்டில் சென்னை ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அதிகம். கொழும்பு ஏறத்தாழ முந்நூற்றைம்பதுதான். நடுவில் மன்னார் வளைகுடாவின் உப்புநீர். பொழுது சாய்ந்தபின் வானின் மேலடுக்கில் நிகழும் மாற்றத்தால் தொலைதூர மத்தியலைகள் திரும்பி மண்ணை நோக்கி வளைகின்றன. இரவில் கொழும்பு பக்கத்துத் தெருவைப்போலக் கேட்டது என்று பெரியவர்கள் சொல்வதில் மிகை ஏதுமில்லை. திருநெல்வேலிக்கு அகில இந்திய வானொலி நிலையம் வந்ததே 1963இல்தான். அதற்கு முன்னர் எங்கள் பக்கத்தில் வானொலிப்பெட்டி வைத்திருந்தவர்களுக்குத் திருச்சியும் சென்னையும் ஒரு கை என்றால் இலங்கை இன்னொரு கை.

ஆனால் தூரம் மட்டுமா காரணம்? 1952இல் பி.வி. கேஸ்கர் ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். பத்து ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். திரைப்பாடல் மக்களின் செவியைக் கெடுக்கிறது, செவ்வியல் இசையே வானொலியில் ஒலிக்கவேண்டும் என்பது அவர் துணிபு. திரைப்பாடல்களுக்கான நேரம் வெட்டப்பட்டது. படத்தின் பெயரைச் சொன்னால் அது விளம்பரமாகிவிடும் என்று அதையும் நிறுத்தினார்கள். தயாரிப்பாளர்களுக்குச் சினம் வந்து அவர்கள் பாடல் உரிமத்தைத் திரும்பப் பெற்றார்கள். கேஸ்கரை வெறும் கோமாளியாகச் சித்திரிப்பது இன்று எளிது. நமக்கு அதில் முழு உடன்பாடில்லை. அவர் காலத்தில் வானொலி எத்தனையோ இசைவாணர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்துக் காப்பாற்றியது. மெல்லிசை என்ற வகை வானொலிக்குள் வளர்ந்ததும் அந்தத் தடையின் பக்கவிளைவே. இருந்தாலும், தறிக்குழியில் கால்தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவனுக்கு எது செவிக்கு நல்லது என்று தில்லி முடிவு செய்ததில் ஓர் இறுமாப்பு இருக்கத்தான் செய்தது.

அந்த இறுமாப்பின் இடுக்கில் கொழும்பு நுழைந்தது. இலங்கையில் வானொலி 1925 டிசம்பரில் தொடங்கியது. அதற்கு முன்னோட்டமாக 1923இல் நடந்த சோதனை ஒலிபரப்புக்கு, முதல் உலகப்போரில் பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் கருவிகளைப் பயன்படுத்தினார்கள் என்பர். ஆக இந்த வானொலிக்கும் பிறப்பு கப்பலில்தான்! இரண்டாம் உலகப்போரின்போது மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத்தலைமை இலங்கையிலிருந்து தன் வீரர்களுக்காக ஒரு வானொலி நடத்தியது. கொழும்புக்கு அருகே ஏக்கலையில் அதற்காக நிறுவிய வலுமிக்க சிற்றலை அனுப்பி, போர் முடிந்தபின் இலங்கை அரசின் கைக்கு வந்தது. போருக்காகக் கட்டிய யானையை வைத்துக்கொண்டு சமாதான காலத்தில் என்ன செய்வது? தீனி போட வேண்டுமே. 1950 செப்டம்பர் 30 அன்று வர்த்தக சேவை தொடங்கியது. அதை நடத்தித்தர ஆஸ்திரேலியாவில் இருந்து கிளிஃபோர்ட் டாட் என்பவர் வந்தார். இரண்டே ஆண்டில் கேஸ்கர் அமைச்சரானது கொழும்புக்குக் கிடைத்த நல்லூழ்.

பின்னர் நிகழ்ந்ததை வட இந்தியர்கள் ‘பினாக்கா கீத்மாலா’ என்ற பெயரில் நினைவுகூர்கிறார்கள். 1952 டிசம்பரில் தொடங்கிய அந்த இந்தி நிகழ்ச்சியை அமீன் சயானி பம்பாயில் ஒலிப்பதிவு செய்ய, நாடாக்கள் விமானத்தில் கொழும்புக்குப் பறந்து, அங்கிருந்து அலையேறி மீண்டும் இந்தியாவுக்கே வந்தன. இந்தியப் பாட்டு, இந்தியக் குரல், இந்திய விளம்பரப் பணம், இந்திய நேயர். தில்லியின் பூட்டை மட்டும் சுற்றிக்கொண்டு போவதற்காக ஒரு கடற்பயணம். கரோலைன் கப்பல் செய்ததும் இதைத்தானே? ஒரே வேறுபாடு, இங்கே கொள்ளையராக இருந்தது இறையாண்மை கொண்ட ஓர் அரசு. அதன்மேல் எந்தச் சட்டமும் பாயாது.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லிவிட வேண்டும். அந்நாளில் வானொலிப்பெட்டி வைத்திருக்க உரிமம் வேண்டும். அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் கட்டணம் கட்டிப் புத்தகத்தில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். 1980களில்தான் அது ஒழிந்தது. இந்திய அரசுக்கு முறையாகக் கட்டணம் கட்டிவிட்டு இலங்கை வானொலி கேட்டவர்கள் எங்கள் தெருக்காரர்கள்.

தில்லியும் கடைசியில் இறங்கிவந்தது. 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதி பிறந்தது. கப்பல்களை ஒடுக்கி பி.பி.சி. ‘ரேடியோ ஒன்று’ தொடங்கியதற்குப் பத்து ஆண்டு முன்பே நம் அரசு அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டது. 1967இல் விவித் பாரதியில் விளம்பரமும் வந்தது. அதே 1967 சனவரியில் இலங்கை வானொலி ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆனது. ஆனாலும் எங்கள் பக்கத்தில் முள் கொழும்பைவிட்டு நகரவில்லை.

ஏன் நகரவில்லை என்பதற்கு நாம் தரும் விடை பாட்டு அல்ல. பாட்டுகள் இங்கும் கிடைக்கத் தொடங்கிவிட்டன. விவித் பாரதியின் ‘தேன்கிண்ணம்’ எந்த வகையிலும் குறைந்ததல்ல. விடை, குரல். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம். பெயர்களைச் சொல்லும்போதே ஒவ்வொன்றும் ஒரு சுருதியாகக் காதில் எழுவதை ஐம்பது தாண்டிய எவரிடமும் கேட்டுப் பாருங்கள். நம் நிலையங்களில் அறிவிப்பாளர் அரசு ஊழியராகப் பேசினார். நிகழ்ச்சியின் பெயர், நேரம், அடுத்தது. கொழும்பில் இருந்தவர்கள் விருந்தினரை வரவேற்பவர்களாகப் பேசினார்கள். காலையில் ‘பொங்கும் பூம்புனல்’, பிறந்தநாள் வாழ்த்து, ‘இசையும் கதையும்’, ‘பாட்டுக்குப் பாட்டு’. கே.எஸ். ராஜா ஒரு திரைப்படத்துக்கு விளம்பரம் சொல்லக் கேட்டு, சுமாரான படத்துக்கும் வண்டி கட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு. அத்தனை வேகத்திலும் ஓர் எழுத்து சிதையாது.

தமிழ் கற்பிக்கும் தொழிலில் இருப்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது. லகர ளகர ழகர வேறுபாட்டை எங்கள் தலைமுறையில் பலர் நன்னூல் எழுத்ததிகாரம் படிக்கும் முன்பே அந்தக் குரல்களில் இருந்து பெற்றுவிட்டிருந்தோம். ‘கூட்டுத்தாபனம்’ என்ற சொல்லை முதலில் கேட்டபோது பொருள் விளங்கவில்லை. ஆனால் வடசொல்லின் ‘ஸ்தா’வைத் தமிழ் நாவுக்கேற்பத் ‘தா’ ஆக்கிக்கொண்ட அந்த நேர்த்தி பிற்பாடு வடசொல்லாக்க விதிகளை நடத்தும்போதெல்லாம் கைகொடுத்திருக்கிறது. தமிழ்நாட்டில் ‘ஆகாசவாணி’யா ‘வானொலி’யா என்ற பூசல் முடிந்தபாடில்லை; 2023இல்கூட அது மீண்டும் தலைதூக்கியது. கடலுக்கு அந்தப்பக்கம் அது வானொலியாகவே இருந்தது.

எங்கள் ஊர் தறியூர். விசைத்தறி வந்தபின் கூடத்துக்குள் காது கொடுத்துக் கேட்க முடியாத இரைச்சல். சுவரில் ஆணியடித்து டிரான்சிஸ்டர் தொங்கும். தறி ஓடும்போது பாட்டின் சொல் கேட்காது, மெட்டின் நிழல்தான் கேட்கும். மின்சாரம் போனால்தான் விடுதலை. தறிகள் சட்டென்று அடங்கி, நூல்தூசி மெல்ல இறங்க, மின்கலத்தில் ஓடும் பெட்டி மட்டும் பேசிக்கொண்டிருக்கும். தார் சுற்றும் பெண்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். மின்வெட்டை வரவேற்ற ஒரே தொழிற்கூடம் அதுவாகத்தான் இருக்கும். எண்பதுகளில் சிறுவர்களாக இருந்த நாங்கள் அந்தக் குரல்களைக் கேட்டது பெரும்பாலும் அந்த இடைவெளிகளில்தான்.

தெருவின் மேலக்கடைசியில் ஒரு வீட்டுக்குக் ‘கண்டிக்காரர் வீடு’ என்று பெயர். திருநெல்வேலிச் சீமையில் இப்படி ஒரு வீடு இல்லாத ஊர் குறைவு. நூறு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பஞ்சத்துக்குத் தப்பி மலையகத்துத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட உடன்படிக்கையில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்றும் முடிவாயிற்று. மீதி ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிக்குப் பாதி பங்கிட்டுக்கொண்டன. ஆட்களை இப்படி எண்ணிப் பிரித்ததில் குடும்பங்கள் குறுக்கே கிழிந்தன. அண்ணன் அங்கே, தங்கை இங்கே.

அந்த வீட்டு ஆச்சிக்குச் சினிமாப்பாட்டில் நாட்டமில்லை. ஆனால் பிறந்தநாள் வாழ்த்து நேரத்தில் வீட்டில் யாரும் பேசக்கூடாது. வாழ்த்துவோர் பட்டியலில் அப்பம்மா, அம்மம்மா, மாமா, மாமி என்று உறவுகள் வரும். பின்னால் ஊர்ப்பெயர்கள்: அட்டன், பதுளை, நுவரெலியா, மாத்தளை. ஆச்சியின் தம்பி குடும்பம் பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் நின்றுவிட்டது. கடிதம் வர மாதக்கணக்காகும், சில சமயம் வரவே வராது. வாழ்த்தில் தம்பி பேரப்பிள்ளைகளின் பெயர் எப்போதாவது வந்துவிட்டால், அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், அஞ்சலட்டை வாங்கக் காசு இருக்கிறது, பிள்ளைக்கு வயது ஐந்தாகிவிட்டது என்று மூன்று செய்திகள் ஒரே மூச்சில் வந்து சேரும். எங்கள் வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் ஒரே சுவர். சங்கரன்கோவில் என்று ஒருமுறை அந்தப் பெட்டியில் ஒலித்தபோது ஆச்சி சுவரைத் தட்டி எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பாட்டுத் தொடங்கிவிட்டது.

இங்கேதான் கப்பல் வானொலியும் தீவு வானொலியும் வேறுபடுகின்றன என்று நினைக்கிறோம். கப்பலில் இருந்தவர்களின் துணிவைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர்களும் கடலுக்கு உயிர் கொடுத்திருக்கிறார்கள். நியூசிலாந்தின் ஹௌராக்கி வானொலியில் 1968இல் ஓர் அறிவிப்பாளர் கப்பலில் இருந்து அலையில் விழுந்து மறைந்தார். கரோலைனின் ‘மி அமிகோ’ கப்பல் 1980 மார்ச்சில் புயலில் மூழ்கியபோது ஊழியர்களை மீட்புப்படகு காப்பாற்றியது, அவர்களோடு ஒரு கானரிக் குருவியையும். ஆபி நாதன் என்ற யூதர், பம்பாயில் படித்து வளர்ந்தவர், 1973 முதல் டெல் அவிவுக்கு அப்பால் கப்பலில் ‘அமைதியின் குரல்’ நடத்தினார். 1993இல் நடத்தப் பணமில்லாமல் போனபோது தம் கப்பலைத் தாமே மூழ்கடித்தார். இவர்கள் அனைவருக்கும் திரும்ப ஒரு கரை இருந்தது. சட்டம் வந்தபோது படகேறிப் போய்விட முடிந்தது.

நம் அறிவிப்பாளர்கள் நின்ற கப்பலிலேயே தீப்பற்றியது. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்த நாட்டில்தான், அதே அரசின் ஒலிவாங்கிமுன் நின்று அந்த அப்பழுக்கற்ற தமிழை அவர்கள் பேசினார்கள். 1981இல் யாழ்ப்பாணம் பொதுநூலகம் எரிந்தது. 1983 சூலையில் கொழும்பின் தெருக்களில் தமிழரை வாக்காளர் பட்டியல் பார்த்துத் தேடிக் கொன்றார்கள். நமக்கு விருந்தோம்பிய குரல்களுக்கு அன்று வீடு பாதுகாப்பாக இல்லை. பலர் புலம்பெயர்ந்தார்கள், இலண்டனிலும் டொராண்டோவிலும் பாரிஸிலும் பின்னர் எழுந்த தமிழ் வானொலிகளில் அதே உச்சரிப்பு ஒலித்தது. கே.எஸ். ராஜா 1994இல் கொழும்பில் கொல்லப்பட்டார்.

இந்தச் செய்தி எங்கள் தறிக்கூடங்களுக்கு எப்போது வந்தது என்று பெரியவர்கள் பலரிடம் கேட்டுப் பார்த்தோம். அவர் குரலை அப்படியே பேசிக்காட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எந்தப் படத்துக்கு எப்படி விளம்பரம் சொன்னார் என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். அவர் எப்படி இறந்தார் என்று கேட்டால், ‘செத்துட்டாரா?’ என்று நம்மையே திருப்பிக் கேட்டவர்கள் இருவர். முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. தமிழ்நாட்டில் ஈழத்தைப் பற்றி மேடைகளில் நடந்த பேச்சுக்குக் குறைவில்லை, எங்கள் ஊர் ரதவீதியிலும் நடந்திருக்கிறது. அந்த நிலத்தில் இருந்து நாள்தோறும் நம் வீட்டுக்குள் வந்து பேசியவர்களைப் பற்றி மட்டும் நாம் விசாரிக்கவில்லை. நாம் அவர்களிடம் பாட்டுத்தான் கேட்டோம்.

தொண்ணூறுகளில் தொலைக்காட்சி எங்கள் தெருவை எடுத்துக்கொண்டது. ‘பாட்டுக்குப் பாட்டு’ம் அப்துல் ஹமீதோடு கடல் கடந்து சென்னைத் தொலைக்காட்சிக்கு வந்தது. அலைக்கற்றை எந்த அரசின் தனிச்சொத்தும் அல்ல, பொதுச்சொத்து என்று உச்சநீதிமன்றம் 1995இல் தீர்ப்புச் சொன்னது. அடுத்த பத்தாண்டில் திருநெல்வேலியில் தனியார் பண்பலை வந்துவிட்டது. நாள் முழுக்கத் திரைப்பாடல். கேஸ்கர் அஞ்சியது அத்தனையும் நடந்தது. ஆனால் தாமாகச் செய்தி தயாரித்துச் சொல்லும் உரிமை இல்லாமலேயே அந்தத் தனியார் நிலையங்கள் தொடங்கின. பாட்டை அவிழ்த்துவிட்ட தில்லி, பேச்சைக் கட்டியே வைத்துக்கொண்டது. தூத்துக்குடியில் 1053 கிலோஹெர்ட்ஸில் 200 கிலோவாட் மத்தியலை அனுப்பி ஒன்றை அகில இந்திய வானொலி நிறுவி, இலங்கையை நோக்கித் தமிழிலும் சிங்களத்திலும் ஒலிபரப்பியது தனிக்கதை. ஒரு காலத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது என்பதைத் தில்லி மறக்கவில்லை போலும்.

கரோலைன் 2017இல் முறையான உரிமம் பெற்று, 648 கிலோஹெர்ட்ஸில் கரையிலிருந்தே பாடத் தொடங்கியது. அந்த அலைவரிசை ஒருகாலத்தில் பி.பி.சி.யின் உலகசேவைக்கு உரியதாக இருந்தது. அதன் பழைய கப்பல் ‘ராஸ் ரிவெஞ்ச்’ எசெக்ஸ் கழிமுகத்தில் நிற்கிறது. நேயர்கள் படகில் போய்ப் பார்த்துவருகிறார்கள். ராஜேஸ்வரி சண்முகம் 2012இல் காலமானார், அமீன் சயானி 2024இல். மேலக்கடைசி வீட்டு ஆச்சி அவர்களுக்கு வெகுமுன்பே போய்விட்டார். வானொலிப்பெட்டி இன்னும் அந்த வீட்டுப் பரணில் இருக்கிறது. பேரன் ஒருமுறை இறக்கித் துடைத்தபோது பார்த்தோம். அலைமுள் நின்றிருந்த இடத்தில், கண்ணாடியின்மேல், குங்குமத்தால் ஒரு சிறிய கோடு இழுத்திருந்தது.